மிதித்தால் போதுமா, தொட வேண்டுமா?

கேள்வி: படிவம் இரண்டில் படிக்கும் என் மகன் புறப்பாடத்துக்கு பேஸ்பால் எடுத்திருக்கிறான். கிரிக்கெட் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு சமயம் பேஸை மிதித்தாலே அவுட் என்கிறார்கள், இன்னொரு சமயம் ஆளைத் தொட வேண்டும் என்கிறார்கள். எது சரி?
– வாசகர், செந்தூல்

பதில்: இரண்டும் சரி. ஓடுபவர் கட்டாயத்தால் ஓடுகிறாரா, விரும்பி ஓடுகிறாரா என்று பாருங்கள்.

பேஸ் என்பது அடித்தவர் வரிசையாகத் தொட்டு ஓடிச் சுற்றும் நான்கு இடங்களில் ஒன்று. ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம். தரையோடு பந்தை அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். அங்கே ஏற்கெனவே நிற்பவர் இரண்டாவதுக்கு நகர்ந்தே ஆக வேண்டும். இப்படித் தள்ளப்பட்டு ஓடுபவர் வந்து சேரும் முன்பே, தடுப்பவர் பந்தோடு அந்த பேஸை மிதித்துவிட்டால் ஓடுபவர் அவுட். முதல் பேஸ் காலி, இரண்டாவதில் மட்டும் ஆள் என்றால் அவரைத் தள்ள யாருமில்லை. அவர் மூன்றாவதுக்கு ஓடினால், பந்து இருக்கும் கையுறையால் உடம்பில் தொட வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் இது: முதல் பேஸில் ஒருவர் இருக்கும்போது, தடுப்பவர் பந்தை எடுத்து முதல் பேஸையே முதலில் மிதித்துவிடுகிறார். அடித்தவர் அவுட். அந்தக் கணமே முன்னே ஓடுபவரின் கட்டாயமும் போய்விடுகிறது. இனி இரண்டாவது பேஸை மிதித்துப் பயனில்லை, தொட்டே ஆக வேண்டும்.

கிரிக்கெட் பழக்கம் காலை வாரும் இடங்களும் உண்டு. பின்பக்கம் தட்டிவிடும் அழகான அடியெல்லாம் இங்கே பவுல்தான் (foul, எல்லைக்கு வெளியே போன செல்லாத அடி). முதல், மூன்றாம் பேஸ் கோடுகளுக்கு இடையிலான 90 பாகைக்குள் அடிக்க வேண்டும். அடிக்க வீசித் தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய பந்தை விட்டுவிட்டாலோ அது ஸ்டிரைக். பவுல் முதல் இரண்டு ஸ்டிரைக்காக எண்ணப்படும், அதற்குமேல் எண்ணப்படாது. ஆனால் இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு பந்தை மெல்லத் தட்டிவைக்கப் போய் பவுலானால் அவுட். மூன்று ஸ்டிரைக் அவுட், நான்கு பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே வந்து, அவர் அடிக்க முயலாமல் விட்ட பந்துகள்) என்றால் முதல் பேஸுக்கு இலவச நடை.

உயரே போன பந்தைப் பிடித்துவிட்டால், ஓட ஆரம்பித்தவர் திரும்பி வந்து தன் பேஸைத் தொட வேண்டும். பந்து கையில் பட்ட பிறகு மறுபடி கிளம்பலாம். ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தால் மட்டும் யோசிக்காமல் ஓடச் சொல்லுங்கள். பிடித்தால் அது மூன்றாவது அவுட், அந்த அணி அடிக்கும் முறை எப்படியும் முடிந்தது. முதல் பேஸுக்கு ஓடும் அடிப்பவர் வேகம் குறைக்காமல் தாண்டி ஓடலாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படித் தாண்டினால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள்.

அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது ஆட்டப்பகுதி (இன்னிங்ஸ்), பேஸ்களுக்கு இடையே 27.43 மீட்டர். இங்கே பள்ளிகளில் பெரும்பாலும் சாப்ட்பால்தான், அதனால் ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ஏழு ஆட்டப்பகுதி, 18.29 மீட்டர், பந்து பெரிது, கையைத் தாழ்த்தி வீச வேண்டும். மேலே சொன்ன மிதித்தல், தொடுதல் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கையுறை வாங்கும்போது கவனம்: வலக்கையால் எறிகிறவன் என்றால் அது இடக்கையில் மாட்டுவதாக இருக்க வேண்டும். வலக்கைக்காரன் என்று மட்டும் சொன்னால் கடையில் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடலாம். அங்கேயே மாட்டி, விரல்களை மடக்கிப் பாருங்கள்.