தொப்பி இருக்கிறது, தலை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் மெண்டி கப்பலோடு மூழ்கிய தென்னாப்பிரிக்கக் கறுப்பின வீரர்களுக்காக ஓவியர் மாடி பாலா செய்த நினைவுச்சின்னத்தின் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு முகம்கூட இல்லையே, அது எப்படி அஞ்சலியாகும்? நான் அரூப ஓவியம் பயில்கிறேன். இதே பொருளில் ஒரு கேன்வாஸ் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆப்பிரிக்க வீரனின் முகத்தை ஐரோப்பா ஏற்கனவே விற்றுத் தீர்த்துவிட்டது. 1915-லேயே பிரான்சின் பனானியா பான விளம்பரத்தில் செனகல் சிப்பாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பாலா அந்த வழிக்கே போகவில்லை. அந்த வீரர்கள் கப்பலேறும் முன் தங்கியிருந்த இடம் இன்று கேப்டவுன் பல்கலைக்கழக வளாகம். 2006-ல் அங்கே அவர் வைத்தது கப்பலின் முன்பகுதியும் தொப்பிகளும். தொப்பி இருக்கிறது, தலை இல்லை. இதைவிடத் துல்லியமாக எந்த முகம் சொல்லிவிடும்?

நீங்கள் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். 1917 பிப்ரவரி 21 விடியலுக்கு முன், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவுக்கு அருகே அடர்ந்த மூடுபனியில், டாரோ என்ற பெரிய கப்பல் முழு வேகத்தில் வந்து மெண்டியின் மீது மோதியது. சுமார் 25 நிமிடத்தில் மெண்டி மூழ்கியது. இறந்த கறுப்பினத்தவர் 607 பேர். தொழிலாளர் படை என்பதால் துப்பாக்கி கொடுக்கப்படவில்லை. போர் முடிந்தபின் அந்தப் படையின் கறுப்பினத்தவருக்குப் பதக்கம் தரவும் தென்னாப்பிரிக்க அரசு மறுத்தது.

607 ஒரு பகா எண். எந்தச் செவ்வகக் கட்டத்திலும் அது அடங்காது. வரிசைக்கு 24 வீதம் 25 வரிசை போட்டால் 600 ஆகும், 7 மிஞ்சும். உங்கள் ஓவியத்தின் அமைப்பு எனக்கு அங்கேதான் தெரிகிறது.

கேன்வாஸ் 4 அடி அகலம், 5 அடி உயரம் போதும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை. ஒவ்வொன்றும் காய்ந்தபின் தேய்த்துவிடுங்கள். மேலே கருநீல அக்ரிலிக். அது நன்றாக உலர்ந்ததும் சாம்பல்நிற எண்ணெய் வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, ஈரமாக இருக்கும்போதே தூரிகைக் காம்பின் நுனியால் ஆளுக்கு ஒன்றாக ஒன்றரை அங்குலக் கீறல்கள் போடுங்கள். அடியிலுள்ள இருள் மேலே வரும். கீறலுக்குப் பத்து வினாடி என்றாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், எனவே ஒரே அமர்வில் செய்யலாம். மேல்பூச்சும் அக்ரிலிக் என்றால் பாதியிலேயே காய்ந்து உதிரும். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் அதிகமானால் வண்ணம் வழிந்து கீறல் மூடிக்கொள்ளும். துத்தநாக வெள்ளை வேண்டாம், நாளடைவில் வெடிக்கும்; டைட்டானியம் வெள்ளையே போதும். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்து வந்துவிடும், வரிசையை மாற்றாதீர்கள்.

சிவப்பைத் தொடாதீர்கள். போர் என்றதும் கை தானாக அங்கே போகும். இவர்கள் இறந்தது குளிர்நீரில். அன்று அங்கே இருந்த நிறம் பனியின் சாம்பல்.

2025 ஜனவரியில் கேப்டவுனின் கம்பெனி தோட்டத்தில் தொழிலாளர் படையினருக்காகத் திறந்த நினைவிடத்திலும் சிலைகள் இல்லை. 1,700-க்கும் மேற்பட்ட இரோகோ மரக்கம்பங்கள் நிற்கின்றன, ஆளுக்கு ஒன்று, பெயரோடு. அரூபம் ஆட்களைக் கரைத்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். ஒருவருக்கு ஒரு குறி என்ற கணக்கில் நேர்மை இருந்தால் போதும். கணக்குத் தவறினால் அது வெறும் வடிவ அலங்காரம். கீழே என்ன தலைப்பு எழுதினாலும் காப்பாற்றாது.

மிஞ்சும் ஏழு கீறலை நடுவுக்குக் கொண்டுவந்து சமன்செய்யத் தோன்றும். செய்ய வேண்டாம். கடைசி வரிசையில் இடது ஓரத்திலிருந்து போடுங்கள். அதற்கு வலப்பக்கம் சாம்பல் அப்படியே கிடக்கட்டும்.