சேமிப்பு இருந்தால் பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் கிடைக்குமா?

கிடைக்கலாம், எவ்வளவு சேமிப்பு என்பதைப் பொறுத்தது. யுனிவர்சல் கிரெடிட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கும் வேலை இழந்தவர்களுக்கும் பிரிட்டன் அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகை.

சேமிப்பு 6,000 பவுண்டு வரை இருந்தால் பாதிப்பில்லை. 16,000-ஐத் தாண்டினால் உதவியே கிடையாது. இடைப்பட்டவர்களுக்கு, 6,000-க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் (மிச்சம் இருந்தால் அதற்கும்) மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாகக் கணக்கிட்டு, அதைக் கழித்துவிடுவார்கள். 7,000 வைத்திருந்தால் 17.40 பவுண்டு குறையும். வங்கி உண்மையில் எவ்வளவு வட்டி தருகிறது என்று பார்ப்பதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான்.

சேமிப்பைக் கணக்கில் எடுப்பதற்குக் காரணம் எளிது. இந்த உதவி வரிப்பணத்திலிருந்து வருகிறது. சொந்தக் குதிரில் நெல் நிறைய இருப்பவர் முதலில் அதை எடுத்துச் சமைக்கட்டும், ஊர்க் களஞ்சியம் குதிர் காலியானவருக்கு என்பது போன்ற ஏற்பாடு.

தம்பதி என்றால் இருவர் சேமிப்பையும் சேர்த்தே பார்ப்பார்கள். குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. அணியும் நகையும் பொதுவாக வராது. இவையும் கணக்கில் வந்துவிடும் என்றுதான் நம்மவர்கள் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் உதவி பெறுவதற்காகவே பணத்தை உறவினர் கணக்குக்கு மாற்றினால், அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கொள்வார்கள்.

சேமிப்பு இருந்தால் எந்த அரசு உதவியும் கிடைக்காது என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் குழந்தைகளுக்கான சைல்ட் பெனிஃபிட்டுக்கும், உடல்நலக் குறைபாட்டுக்கான பிஐபி உதவிக்கும் சேமிப்பு தடையே இல்லை.