அப்பாவுக்கு ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்திடலாமா? செலவு கட்டுப்படியாகுமா?

முதல் கேள்விக்கு பதில்: முடியாது. உங்கள் அப்பா தெளிவான நினைவோடு, சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும்வரை ஒப்புதல் அவர் ஒருவருடையதுதான். மகனோ மகளோ மனைவியோ அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டால் அதற்குச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் மதிப்பில்லை. நினைவு தப்பிய நிலையில்கூட, அவர் முன்கூட்டியே அதிகாரப் பத்திரம் எழுதி உங்களை நியமித்திருந்தாலொழிய, அவருடைய நலனைக் கருதி முடிவெடுப்பவர் மருத்துவர்தான். குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்பார், அவ்வளவே.

செலவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் விளக்கும்போது அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளராக நீங்கள் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன்.

என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இளம் வயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். கப்பல் பட்டறைகளில் வெல்டராக முப்பது ஆண்டுகளுக்குமேல் வேலை பார்த்தார். வேலைத்தளத்துக்கு வேண்டிய ஆங்கிலமும் சந்தைக்கு வேண்டிய மலாயும் அவருக்குத் தெரியும். அறுபத்தொன்பது வயதில், பலதுறை மருந்தகம் என்ற அரசாங்கச் சிகிச்சை நிலையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் புரதம்) அளவு கூடியிருந்தது. மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எம்ஆர்ஐ எடுத்து, திசுப் பரிசோதனையும் செய்த பிறகு, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியானது. புற்றுநோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 7, அதாவது நடுத்தரம். சுரப்பியைத் தாண்டி வெளியே பரவவில்லை.

மருத்துவர் நல்லவர். பொறுமையாக வரைபடம் போட்டு விளக்கினார். கண்காணிப்பில் வைத்திருப்பது, கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை என்று மூன்று வழிகளைச் சொன்னார். அறுவை சிகிச்சை என்றால் ரோபோ உதவியோடு செய்யலாம் என்றார். "அப்பாவுக்கு நீங்களே சொல்லிவிடுகிறீர்களா?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன்.

ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, மயக்க மருந்தின் ஆபத்து எல்லாவற்றையும் சொன்னேன். சில மாதங்கள் சிறுநீர் கட்டுப்படாமல் கசியலாம் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டேன். அடுத்து மருத்துவர் சொன்னது, ஆணுறுப்பின் விறைப்பு பாதிக்கப்படலாம், திரும்பி வர ஓராண்டுக்கு மேலாகலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம் என்பது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுப் பெண்ணான எனக்கு, அப்பாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தமிழில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. "வேறு சில சின்னச் சின்ன பின்விளைவுகளும் வரலாமாம்" என்றேன். அப்பா என்னை நம்பிக் கையெழுத்திட்டார்.

கூச்சம் மட்டும் காரணம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. சொன்னால் அப்பா அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று எழுந்துவிடுவாரோ என்ற பயமும் எனக்கு இருந்தது. கட்டியை எப்படியாவது வெட்டி எறிந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பில்லை.

பிறகுதான் இதைப் பற்றிய சட்டத்தைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1957இல் வந்த ஒரு தீர்ப்பு நெடுங்காலம் சிங்கப்பூரிலும் வழிகாட்டியாக இருந்தது. பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு விளக்கினால் போதும் என்பது அதன் சாரம். 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்றது. வழக்குத் தொடுத்த, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நடீன் மான்ட்கோமரிக்கு நீரிழிவு, உருவத்தில் சிறியவர். குழந்தையின் தோள் பிரசவப் பாதையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து நூற்றுக்கு ஒன்பது, பத்து வரை இருந்தும் அவரிடம் அது சொல்லப்படவில்லை. சொன்னால் இப்படிப்பட்ட பெண்கள் சிசேரியன் கேட்பார்கள் என்பது அந்த மருத்துவரின் எண்ணம். 1999இல் பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொண்டது, குழந்தை மூளைவாதத்தோடு பிறந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. சொன்னால் மறுத்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்ட அந்த மருத்துவர் செய்ததைத்தானே நானும் செய்தேன்?

சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அந்தத் தீர்ப்பைச் சில மாற்றங்களோடு ஏற்றது. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது அந்தத் திருத்தம்தான். எவ்வளவு விளக்கினால் போதும் என்பதை அளக்க மருத்துவ உலகின் கருத்து மீண்டும் அளவுகோலானது. ஆனால் நோயாளி முடிவெடுக்க நியாயமாக எது தேவையோ அதைச் சொல்லியே ஆக வேண்டும். நோயாளி தாமே வாய்விட்டுத் தெரிவித்த கவலைக்கும் கேட்ட கேள்விக்கும் அதில் தனி இடம் உண்டு. ஆகவே உங்கள் அப்பா, "எனக்கு வீட்டில் யாரும் துணையில்லை, சிறுநீர் கசிந்தால் சமாளிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டால், அதை ஒதுக்கிவிட்டு மருத்துவர் மேலே போக முடியாது. கேள்வியை அப்பாதான் கேட்க வேண்டும். உங்களுக்குத் தோன்றும் கேள்வி வேறு, அவர் மனத்தில் உள்ள கேள்வி வேறு.

ரோபோ என்ற சொல் எங்கள் வீட்டில் கிளப்பிய குழப்பத்தையும் சொல்கிறேன். இயந்திரம் தானாக அறுக்கும் என்றுதான் அம்மா நினைத்தார். அது தானாக எதையும் அறுப்பதில்லை. பரவலாகப் பயன்படும் டா வின்சி கருவிக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. வயிற்றில் ஐந்தாறு சிறு துளைகள் இட்டு, கரியமில வாயு செலுத்தி உப்ப வைத்து, கேமராவையும் கருவிகளையும் உள்ளே விடுகிறார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் சில அடி தள்ளி ஓர் இயக்கு மேசையின் முன் உட்கார்ந்து, பல மடங்கு பெரிதாகத் தெரியும் முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களால் இயக்குகிறார். கையின் சிறு நடுக்கத்தைக் கருவி வடிகட்டிவிடும். அதன் முனை நம் மணிக்கட்டைப் போல எல்லாப் பக்கமும் வளையும். புரோஸ்டேட் இருப்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, இடுப்புக்கூட்டின் ஆழத்தில். விறைப்புக்கான நரம்புகள் அதன் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றிச் சுரப்பியை எடுக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் 1982இல் செய்துகாட்டினார். புற்றுநோய் நரம்பைத் தொட்டிருந்தால் எவ்வளவு நல்ல ரோபோவாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் ரோபோ மேலா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களை இரு குழுவாகப் பிரித்து, ரோபோ முறையையும் வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையையும் ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான ஈராண்டு முடிவின்படி சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ரோபோ முறையில் ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். எனக்கு இதிலிருந்து தோன்றியது, கருவியின் பெயரைக் கேட்பதைவிட அதை இயக்குபவரின் அனுபவத்தைக் கேட்பது பயனுள்ளது என்பதுதான். இத்தகைய அறுவை சிகிச்சை எத்தனை செய்திருக்கிறீர்கள், நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அவமதிப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அறுவை சிகிச்சையே வேண்டுமா என்ற கேள்வி அதற்கும் முந்தியது. பிரிட்டனில் 1,643 பேரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய்க்காரர்கள் அவர்கள். கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என எந்த வழியில் போனாலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். கண்காணிப்புக் குழுவில் நோய் பரவியவர்கள் மற்ற குழுக்களைப்போல் இரு மடங்கு. அந்தக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னாளில் ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். ஆகவே மூன்று வழிக்கும் ஒரு விலை உண்டு. எந்த விலையைக் கொடுப்பது என்பதை என் அப்பா தீர்மானித்திருக்க வேண்டும். அவருக்காக நான் தீர்மானித்துவிட்டேன். உங்கள் அப்பாவின் நோய் நிலை வேறாக இருக்கலாம். அதனால் இந்த எண்களை அவருக்கு அப்படியே பொருத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி செலவு. எங்கள் கட்டணத்தைச் சொன்னால் உங்களுக்கு உதவாது. வார்டு, குடும்ப வருமானம், காப்புறுதி எல்லாம் சேர்ந்துதான் தொகையைத் தீர்மானிக்கின்றன. பலதுறை மருந்தகம் வழியாகப் போய், அரசாங்க மருத்துவமனையின் சி அல்லது பி2 வார்டில் (பலர் சேர்ந்து தங்கும் வார்டுகள்) சேர்ந்தால் அரசாங்க மானியம் கிடைக்கும். குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 80 சதவீதம் வரை அது போகும். அங்கே நிபுணரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. "இன்ன மருத்துவர்தான் வேண்டும்" என்றால் மானியம் இல்லாத கட்டணத்துக்கு மாறுகிறீர்கள். 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்ட் லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி, நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகையைக் கழித்து, மீதியிலும் 3 முதல் 10 சதவீதத்தை உங்கள் பங்காக வைத்துவிட்டு, வரம்புக்குள் மற்றதைக் கொடுக்கும். உங்கள் பங்கை மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம். பிள்ளைகளின் மெடிசேவையும் பெற்றோருக்குப் பயன்படுத்தலாம். தனியாரிடம் போவதானால், நிபுணர் கட்டணங்களுக்குச் சுகாதார அமைச்சு 2018 முதல் இணையத்தில் வெளியிட்டுவரும் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை அதற்கு மேல் இருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவமனையின் நிதி ஆலோசகர் மதிப்பீட்டுத் தாள் தருவார். ரோபோவின் கருவிகளைக் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் பயன்படுத்த முடியாது. அந்தச் செலவு தாளில் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். திசுப் பரிசோதனை, கூடுதலாகத் தங்கும் நாள்கள், பிறகு வரும் இயன்முறை சிகிச்சை, இவற்றையும் கேளுங்கள். எங்கள் தாளில் வராத செலவு, ஏழு மாதம் வாரந்தோறும் வாங்கிய உறிஞ்சு துணிகள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் அப்பா நடந்தார். பத்தாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். பிஎஸ்ஏ கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியது. நாங்கள் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மாலை, அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து அப்பா என்னை அழைத்தார். "இப்படி ஆகும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னாரா அம்மா?" என்று கேட்டார். எதைப் பற்றிக் கேட்கிறார் என்று புரிந்தது. "சொன்னார் அப்பா" என்றேன்.

வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "அந்த ஈரான் பிள்ளைகள் நினைவிருக்கிறதா?" என்றார். 2003 ஜூலையில் ராஃபிள்ஸ் மருத்துவமனையில் பிரிப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட லாடன், லாலே பிஜானி சகோதரிகளைச் சொன்னார். தலை ஒட்டிப் பிறந்து, சட்டம் படித்து, இருபத்தொன்பது வயதில் பிரிந்து வாழ ஆசைப்பட்டு இங்கே வந்தவர்கள். உயிர் போகலாம் என்று தெரிந்தே சம்மதித்தார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவரும் இறந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அழுதது எனக்கு நினைவிருக்கிறது. "அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். தெரிந்து போனார்கள். எனக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் சம்மதித்துத்தான் இருப்பேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த சந்திப்புக்கு முன் மருத்துவமனையை அழைத்துத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேட்டேன். நடுவயதுத் தாதி ஒருவர் வந்தார். "ஐயா, நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பா இருபது நிமிடம் உள்ளே இருந்தார். கையில் ஒரு மருந்துச் சீட்டோடு வந்தார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் அப்பாவின் சந்திப்பு என்றைக்கு? இரண்டு மூன்று நாள் முன்பே அழைத்து, தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று பதிந்துவையுங்கள். அன்றைக்கு யாரும் கிடைக்கவில்லை என்றால் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அவசர அறுவை சிகிச்சை அல்லாதவரை ஒரு வாரம் பொறுப்பதில் தவறில்லை. கையெழுத்திட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் வரை அவர் மனத்தை மாற்றிக்கொள்ளலாம். இதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.