டெர்லிங்குவா சில்லி போட்டி: ஆல்பைனில் ரூம் போடலாமா?

டெக்சாஸ் டெர்லிங்குவாவில் நவம்பர்ல நடக்குற சில்லி (காரமான இறைச்சிக் குழம்பு) சமையல் போட்டிக்கு, ஆல்பைன் ஊர்ல தங்கி தினமும் போய்வரலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. ஒரு வழிக்கே 80 மைல், இருட்டினா மான்கள் ரோட்டுக்கு நடுவுல நிக்கும். டென்ட்தான் நல்லது. பகல்ல வெயில் சுட்டாலும் நவம்பர் ராத்திரி நடுங்க வைக்கும், கம்பளி அவசியம். பெட்ரோலை ஆல்பைனிலேயே ஃபுல் பண்ணிடுங்க, தண்ணியும் தாராளமா எடுத்துக்கோங்க. விசாவில் இருந்தா பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) கையிலேயே இருக்கட்டும். திரும்பி வர்றப்ப எல்லைக்காவல் செக்போஸ்ட்ல நிறுத்துவாங்க.

1967-ல் தொடங்கின போட்டி, இப்போ ரெண்டு தனித்தனி மைதானத்துல நடக்குது. எந்த மைதானத்துக்குப் போறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. போட்டிச் சில்லியில் பீன்ஸ் கிடையாது, இறைச்சிதான். சைவம்னா சாப்பாடு கட்டிட்டுப் போங்க. சனிக்கிழமை காலையிலேயே போனா, கறி வேகுறப்ப சீரகமும் மிளகாய்ப்பொடியும் கமகமன்னு வரும். அதை விட்டுடாதீங்க!