ரிப்போர்ட் கார்டில் 'சி'! பிள்ளைக்கு என்ன ஆச்சு?

இருபத்திரண்டு வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் நான். பேரண்ட்ஸ் மீட்டிங் முடிந்த வாரம், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், எல்.கே.ஜி. படிக்கும் மகளுக்குக் கணக்கில் சி கிரேடு. வீட்டில் நூறு வரை கடகடவென்று சொல்கிறாளே?

பதில்: சொல்வாள்மா, பாட்டு மாதிரி. ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை முன்னால் வைத்து, "ஏழு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்க. ஒரு கொட்டையைத் தொட்டு ஒரு எண் சொல்கிறாளா, விரல் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் ஓடுகிறதா? ஏழில் நிறுத்துகிறாளா, கை நிறைய அள்ளித் தருகிறாளா? எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்றால் 'ஏழு' என்கிறாளா, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாளா? கணக்கு இங்கேதான் இருக்கிறது. போன வருஷம் என் வகுப்பில் ஒரு பையன், இருபதுக்கு மேல் சொல்லத் தெரியாது. ஆனால் பத்துப் பேருக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கட் பிசகாமல் வைத்துவிடுவான். அவனுக்கு என்ன கிரேடு போடுவதென்று நானே திணறினேன்.

டீச்சரிடம் "ஏன் சி?" என்று சண்டைக்குப் போகாதீங்க. "என்ன செய்யச் சொன்னீங்க, அவ என்ன செய்தா?" என்று கேளுங்க. அதற்குப் பதில் வரவில்லையென்றால், அந்த சி-க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஸ்கூலில் யு.கே.ஜி.க்குப் பரீட்சையே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லைங்க. 3 முதல் 8 வயதுக்காக 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டமே (என்ன, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற வழிகாட்டி), பரீட்சை இந்த வயதுக்குப் பொருந்தாது என்கிறது. பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்க. ஜூனில் வரைந்த படத்தையும் டிசம்பரில் வரைந்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நல்ல பள்ளி.

கேள்வி: அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகன் 'அரும்பு' நிலையாம். மக்கு என்று அர்த்தமா அக்கா?

பதில்: அந்த வார்த்தையே வேண்டாம் தம்பி. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது எங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கலாம் என்பதற்காக, ரேங்க் கிடையாது. ஆனாலும் பூசி மெழுக மாட்டேன். மூன்றாம் வகுப்பில் அரும்பு என்றால் எழுத்துகளிலேயே தடுமாற்றம் இருக்கும். எந்த எழுத்துகள் என்று கேட்டு, தினம் பத்து நிமிஷம் உட்காருங்க.

கேள்வி: நாலரை வயது. 'ட'வைத் திருப்பிப் போடுகிறாள். டிஸ்லெக்சியாவா?

பதில்: டிஸ்லெக்சியா என்பது எழுத்து வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம். திருப்பிப் போடுவது இந்த வயதில் சகஜம். ஏழு தாண்டியும் தொடர்ந்தால் காட்டுங்க. இப்போதைக்கு நிலக்கடலை உரிக்கவிடுங்க, விரலுக்குப் பலம் வரட்டும்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள். சரியா?

பதில்: சட்டப்படி தப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதைத் தடுக்கிறது. முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி என்பதால், எல்.கே.ஜி. வாசலில் மட்டும் பள்ளிகளுக்கு ஒரு சந்து கிடைத்துவிடுகிறது.

கேள்வி: மூன்று வயது முடிந்தது. மகன் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை. "பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க" என்கிறார் மாமியார்.

பதில்: இதற்கு மட்டும் காத்திருக்காதீங்கம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? முன்பு சொன்ன வார்த்தைகள் ஏதும் மறைந்துபோனதா? முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை செய்யுங்க. வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, காசு வாங்க மாட்டார்கள். எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேளுங்க. மாமியாரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போய்வந்து எழுதுங்க.