எத்தியோப்பியா: தவறு யார் பக்கம்?

கேள்வி: வடக்கு மாநிலமான டிக்ரேயின் படைகள்தானே முதலில் ராணுவ முகாம்களைத் தாக்கின? அப்படியிருக்க, 2021-இல் நடந்த எல்லாவற்றுக்கும் பிரதமர் அபி அகமதுவையே குறை சொல்வது நியாயமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முகாம்களைத் தாக்கியது, அந்த மாநிலத்தை அப்போது ஆண்ட டிக்ரே மக்கள் விடுதலை முன்னணிதான். 2020 நவம்பர் தொடக்கத்தில் நடந்தது அது. எந்த அரசும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. சரி, அதற்கு அப்புறம்?

அந்த மாதம் 28-ஆம் தேதியே டிக்ரேயின் தலைநகர் மெக்கெல்லேயைப் பிடித்து, வெற்றி என்று அறிவித்துவிட்டார் அபி. ஆனால் அதே நாட்களில் டிக்ரேயின் அக்சும் நகரில் நூறு பேருக்கும் மேற்பட்ட பொதுமக்களை, அண்டை நாடான எரித்திரியாவின் படையினர் கொன்றார்கள். எரித்திரியாவோடு சமாதானம் செய்ததற்காகத்தான் 2019-இல் அபிக்கு நோபல் பரிசு! அந்த நாட்டுப் படை தன் மண்ணில் இருப்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு 2021 மார்ச் வரை ஆயிற்று.

ஜூன் மாதத்தைப் பாருங்கள். 21-ஆம் தேதி பொதுத்தேர்தல். டிக்ரேயில் வாக்குப்பதிவே கிடையாது. ஆளும் கட்சி அமோக வெற்றி. அதே மாதம்தான், மூன்றரை லட்சம் பேர் பஞ்சத்தின் பிடியில் இருப்பதாக ஐ.நா. சொன்னது. 28-ஆம் தேதி டிக்ரே படைகள் மெக்கெல்லேயை மீட்டதும் அரசு போர்நிறுத்தம் அறிவித்தது. ஆனால் வங்கி, தொலைபேசி, எரிபொருள் எதுவும் இல்லை. பக்கத்து மாநிலமான அஃபார் வழியாகப் போக வேண்டிய நிவாரண லாரிகள் வழியிலேயே நின்றன. செப்டம்பர் கடைசியில் ஐ.நா. அதிகாரிகள் ஏழு பேரை, உள்நாட்டு விவகாரத்தில் தலையிட்டதாகச் சொல்லி வெளியேற்றினார்கள்.

டிக்ரே படைகளும் சுத்தமில்லை. இன்னொரு பக்கத்து மாநிலமான அம்ஹாராவுக்குள் புகுந்து கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை என்று அவர்கள் செய்ததும் பதிவாகியிருக்கிறது. எல்லாத் தரப்பும் குற்றம் செய்ததாகவே ஐ.நா.வும் எத்தியோப்பிய மனித உரிமை ஆணையமும் நவம்பரில் கூட்டாக அறிக்கை தந்தன.

ஆனாலும் குழந்தைகளுக்குப் போகும் கோதுமைக்கும் மருந்துக்கும் வழிவிடும் அதிகாரம் பெரும்பாலும் அரசின் கையில்தான் இருந்தது. முதலில் சுட்டது யார் என்ற கேள்விக்குள் அந்தப் பட்டினியை ஒளித்துவைக்க முடியாது. 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இரு தரப்புக்கும் இடையே போரை நிறுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் மெக்கெல்லேயில் வங்கிகள் திறந்தன. அதுவரை தன் கணக்கில் இருந்த பணத்தைக்கூட எடுக்க முடியாமல் தவித்தவர்கள் எந்த முகாமைத் தாக்கினார்கள்?