ஆட்டம் முடிந்த பிறகும் அதன் முடிவைப் பொதுவில் எழுதினால் சிலர் ஏன் கோபிக்கிறார்கள்?

ஒரு படத்தின் திருப்பத்தையோ ஆட்டத்தின் முடிவையோ, இன்னும் பார்க்காத ஒருவரிடம் அவர் கேட்காமலேயே வெளிப்படுத்திவிடுவதைத்தான் ஸ்பாய்லர் என்கிறோம். விடுகதை போட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் விடையைச் சொல்லிவிடுவது போன்றது இது. விடை கிடைத்துவிடுகிறது, யோசிக்கும் இன்பம் போய்விடுகிறது.

2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில், 80-ஆம் நிமிடம் வரை 2-0 என முன்னிலையில் இருந்த அர்ஜென்டினாவுக்கு எதிராக பிரான்ஸ் வீரர் எம்பாப்பே இரண்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் அடித்தார். ஆட்டம் 3-3 வரை சென்று பெனால்டியில்தான் முடிந்தது. அதை மறுநாள் காலையில் பார்க்க நினைத்தவருக்கு, அர்ஜென்டினாவின் மெஸ்ஸி கோப்பையை ஏந்திய ஒரு படம் கண்ணில் பட்டிருந்தாலே போதும், அந்தப் பதற்றம் கிடைத்திருக்காது. நேரலையிலும் இச்சிக்கல் உண்டு: கைப்பேசி ஒளிபரப்பு பல நொடிகள் பிந்தி வருவதால், கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே அடுத்த வீட்டில் விசில் கேட்டுவிடும். (அதற்கு யாரையும் குறை சொல்ல இயலாது.) எழுதுபவர் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் முடிவைத் தவிர்த்து, ‘ஸ்பாய்லர் உண்டு’ என்று எச்சரித்துவிட்டு, உள்ளே விருப்பம்போல் அலசலாம்.

முடிவைச் சொல்லாவிட்டால் ஸ்பாய்லர் ஆகாது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ‘கடைசிப் பத்து நிமிடத்தை நம்பவே முடியவில்லை’ என்ற வரியும் ஸ்பாய்லர்தான், ஏனெனில் அதைப் படித்தவர் முதல் எண்பது நிமிடத்தையும் கடிகாரத்தைப் பார்த்தே கழிப்பார்.